பதினோரு பேருக்குப் பதினோரு பேர்

கல்லூரி வகுப்பில் நாற்பத்தெட்டுப் பேர். நான் பேசி முடித்தபோது ஒரு கைகூட உயரவில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

நான் கேட்டது பெரிய விஷயமும் இல்லை. மலைமேல் கரியாலூருக்கு அப்பால் இருக்கும் எங்கள் ஊருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே ஓர் ஓடை. போன ஐப்பசியில் தண்ணீர் வந்து, பத்தொன்பது நாள் பிள்ளைகள் பள்ளிக்குப் போகவில்லை. என் தங்கை கண்ணகி இந்த வருடம் பத்தாவது. "இந்த மழைக்கும் வூட்டோட கெடக்கணும்னா, படிப்ப நிறுத்திட்டு சித்தியோட கேரளா தோட்டத்துக்குப் போயிடுவேன்" என்று சொல்லிவிட்டாள். சொன்னதைச் செய்கிறவள். ஊரில் பாதிப்பேர் ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறார்கள். மிஞ்சியவர்களால் மட்டும் பாறாங்கல் உருட்டி, ஓடையைக் கடக்க வழி கட்ட முடியாது. கல்லூரிப் பிள்ளைகள் ஒரு சனி, ஞாயிறு வந்தால் முடியும். அதைச் சொல்லிவிட்டு, மேடையில் மைக் பிடித்தவர்கள் மாதிரி, "ஏழை மலைமக்களுக்குச் சேவை செய்ய வாருங்கள்" என்று முடித்தேன்.

கடைசி பெஞ்சிலிருந்து ஜெயப்பிரகாஷ் எழுந்தான். மலைக்குக் கீழே, மணலூர்பேட்டைப் பக்கத்துப் பையன். அவன் அம்மா கரும்பு வெட்டப் போகிறவர்.

"சனி, ஞாயிறு நானே கரும்பு லோடு ஏத்தப் போறேன் கவியா. எங்க தெருவுக்கு யாரு வந்து சேவை செஞ்சாங்க?"

யாரும் சிரிக்கவில்லை; அவன் கேட்டது சரி என்பதுபோல் சிலர் தலையாட்டினார்கள். அதுதான் எனக்கு வலித்தது.

வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகும் பேருந்தில் அவனை மனசுக்குள் திட்டிக்கொண்டே போனேன். வண்டி மலையேறத் தொடங்கியதும் திட்டு என் பக்கம் திரும்பியது. எங்கள் ஊரில் யாராவது இப்படிக் கேட்பார்களா? சாமைக் கொல்லையில் களையெடுக்க நாலு பேர் வந்தால், அந்த நாலு பேர் கொல்லைக்கும் நாம் போயாக வேண்டும். கூலி கிடையாது. நன்றியும் யாரும் சொல்வதில்லை. ஆளுக்கு ஆள், அவ்வளவுதான். அதிலேயே வளர்ந்த நான் கீழே போய்க் கை நீட்டியிருக்கிறேன்.

திங்கட்கிழமை நேராக ஜெயப்பிரகாஷிடம் போனேன்.

"உங்க தெருவுல இன்னா வேலை கெடக்குது?"

"அங்கன்வாடிக்குப் போற வழி பூரா கருவேல முள்ளு. புள்ளைங்க லாரி ஓடுற ரோட்டுலதான் நடந்து போய்க்கினு இருக்குதுங்க. இன்னாத்துக்குக் கேக்கற?"

"நீங்க எத்தனை பேரு மலைக்கு வரீங்களோ, அத்தனை பேரு கொடுவாளோட நாங்க எறங்கி வருவோம். எங்கப்பாகிட்ட கேட்டுட்டுத்தான் சொல்றேன்."

அவன் நேராகப் போய்க் கரும்பலகையில் தன் பெயரை எழுதினான். சாயங்காலத்துக்குள் பதினோரு பெயர். நான் இன்னொரு பேச்சு பேச வேண்டியிருக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை மலையேறி வந்தவர்களில் பாதிப்பேர் கூலி வேலை பார்த்து வளர்ந்தவர்கள். கல்லைப் புரட்ட யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. மதியம் கேழ்வரகுக் களியைத் தின்றுவிட்டு, எங்கள் ஆட்களையே வேலை வாங்கினார்கள். ஞாயிறு பொழுது சாய்வதற்குள் ஓடைக்குக் குறுக்கே கல்வழி எழுந்துவிட்டது. அப்பா ஒவ்வொரு முகமாகப் பார்த்து எண்ணிக்கொண்டார். "பதினோரு ஆளு" என்றார்.

நாங்கள் ஜெயப்பிரகாஷ் தெருவுக்கு இறங்க வேண்டிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. கீழே போகவும் கடக்க வேண்டிய அதே ஓடையில் செம்மண் தண்ணீர் முழங்கால் உயரத்துக்கு ஓடியது. அடுத்த வாரம் வருகிறோம் என்று ஜெயப்பிரகாஷுக்குச் சொல்லப் போனை எடுத்தேன்.

"வெச்சுடு" என்றார் அப்பா. "வந்துட்டுப் போனவங்களுக்கு மழைன்னு சாக்கு சொல்றதா?"

ஆனால் பத்துப் பேர்தான் தேறினார்கள். கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு, கொடுவாளோடு கண்ணகி வந்து நின்றாள். பதினோராவது ஆள்.

தண்ணீர் கல்வழியின் ஒவ்வொரு கல்லுக்கும் இரண்டு பக்கமும் சுழித்துக்கொண்டு ஓடியது. ஒரு கல்கூட அசையவில்லை. அவள்தான் முதலில் கடந்தாள். அக்கரையில் நின்று திரும்பிக் கேட்டாள்.

"சாயங்காலத்துக்குள்ள திரும்பிடலாமாக்கா? காலையில எனக்கு ஸ்கூல் இருக்குது."