வால் தரையில் படக் கூடாது

1

இந்தக் கதையை நான் கற்பனையில் கண்டெடுக்கவில்லை. என் தம்பியின் வேலை மேசையிலிருந்து, அவனைக் கேட்காமல் எடுத்துக்கொண்டேன். கேட்டிருந்தால் கொடுத்திருப்பான், கேட்காதது என் குற்றம். இதைவிடப் பெரிய குற்றம் பின்னால் வருகிறது. அதற்குள் வாசகருக்கு என்னைக் கொஞ்சமாவது பிடித்துவிட வேண்டும் என்று முதல் வாக்கியத்தைப் பலமுறை எழுதிப் பார்த்தேன்.

முதல் முயற்சி: "பல் செட் செய்து ஓய்வுபெற்ற ஒருவர், மகளின் பழைய பிளாஸ்டிக் டைனோசர்களைத் திருத்தத் தொடங்கினார்." தகவல் சரி. உயிர் இல்லை.

இரண்டாம் முயற்சி: "ஒரு காலத்தில் பூமியையே அதிரவைத்த அந்த மாபெரும்" — இப்படித் தொடங்கும் வாக்கியத்தை முடிப்பவர்களோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

மூன்றாம் முயற்சி: "மனைவி போன பிறகு அவன் அந்த அலமாரியைத் திறந்தான்." இது உண்மை. ஆனால் இப்படித் தொடங்கினால் நீங்கள் உடனே கண் கலங்கத் தயாராகிவிடுவீர்கள். அவன் அலமாரியைத் திறந்தது இஸ்திரிப் பெட்டியைத் தேடி.

2

ஆகவே இஸ்திரிப் பெட்டியிலிருந்து தொடங்குகிறேன். அது கிடைக்கவில்லை. கிடைத்தது ஒரு செருப்பு டப்பா. உள்ளே பதினான்கு டைனோசர்கள். எல்லாம் அவன் மகளுடையவை. அவளை நாங்கள் மிளகு என்று அழைப்போம்: உருவம் சிறிது, காரம் அதிகம். இப்போது முப்பத்திரண்டு வயது. வேறோர் ஊரில், மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறாள்.

நாற்பது ஆண்டுகள் அடுத்தவர் வாய்க்கு அளவெடுத்த என் தம்பி, ஒரு பொம்மையின் வாயைப் பார்த்ததும் கொதித்துப்போனான்.

"அக்கா, இதைப் பாரேன். வாயை மூடினா கீழ்ப்பல்லு எங்க போகும்? மூக்குக்குள்ளயா?"

"அது பொம்மைடா."

"பொம்மைன்னா வாயை மூட வேண்டாமா?"

அடுத்த வாரம் நூலகத்திலிருந்து நான்கு கனத்த புத்தகங்கள் வந்தன. [ஐந்து. ஒன்றை நான் என் அறைக்கு எடுத்துப் போய்விட்டேன்.] இரண்டு விரல் இருக்க வேண்டிய கையில் மூன்று இருந்தால் ஒன்று போனது. உள்ளங்கை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தால், மணிக்கட்டை அறுத்து, கைதட்டப் போவதுபோல் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கும்படி ஒட்டினான். மொட்டையாக நின்ற சிறிய வேட்டைக்காரனுக்குக் களிமண்போல் பிசைந்து இறுகவிடும் பசையை அப்பி, அது இறுகுமுன் ஊசிமுனையால் கீறி இறகு வரவழைத்தான். சரிபார்ப்பது என் பொறுப்பு. அச்சகத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் மெய்ப்புப் பார்த்தவளுக்கு அது இயல்பாகவே வந்தது. ஒவ்வொன்றின் பிழைகளையும் சிவப்பு மையில் பட்டியலிட்டேன்.

"இவருக்குத் தாடை முடிஞ்சுதுக்கா."

"அடுத்தவரை உள்ள அனுப்பு."

அந்த நான்கு மாதங்களில் சிரித்த அளவுக்கு நாங்கள் சிறுவயதிலும் சிரித்ததில்லை.

(அடிக்குறிப்பாக வர வேண்டியது: எல்லா டைனோசருக்கும் இறகு கிடையாது. உற்சாகம் தலைக்கேறி, நீண்ட கழுத்துக்காரருக்கும் ஒட்டப் பார்த்தான். தடுத்தவள் நான். இந்தக் கதையில் நான் செய்த நல்லது இது ஒன்றுதான்.)

3

பதினான்காவது, பச்சை நிறம். செங்குத்தாக நிமிர்ந்து, வாலைத் தரையில் ஊன்றி அதை மூன்றாம் காலாக்கிக்கொண்டு நின்றது. அந்த விலங்கு அப்படி நின்றதில்லை என்று புத்தகங்கள் அனைத்தும் சொல்லின: முதுகு தரைக்கு இணையாக, வால் பின்னால் காற்றில். தம்பி வெந்நீரில் போட்டு வளைத்துப் பார்த்தான். முப்பது வருடப் பிளாஸ்டிக், வளையவில்லை. எனவே அவன் வாலை அறுத்தெடுத்து, இடுப்பிலும் அறுத்து உடலை முன்னால் சாய்த்து ஒட்டி, கம்பி நுழைத்து, அதே பசையால் புதிய வால் செய்தான். பழைய வால் செவ்வாய்க்கிழமை குப்பை வண்டியில் போயிற்று.

புதன்கிழமை மிளகு போன் செய்தாள்.

"அப்பா, ஞாயித்துக்கிழமை வரேன். என் டைனோசர் டப்பாவை எடுத்துட்டுப் போகணும். மத்தது எப்படி இருந்தாலும் சரி, பச்சை மட்டும் பத்திரம்."

"பச்சையில என்னம்மா?"

"அதோட வால்லதான்பா என் பல்லு பதிஞ்சிருக்கு. மூணு வயசுல கை ஒடிஞ்சுதே, டாக்டர் எலும்பை இழுத்துச் சேத்தப்போ அம்மா அந்த வாலைத்தான் என் வாயில குடுத்தாங்க, கடிச்சுக்கோடின்னு. நீங்க வேலைக்குப் போயிருந்தீங்க. அம்மா சொன்னதே இல்லையா?"

சொன்னதில்லை. இனிச் சொல்லவும் போவதில்லை.

4

[இங்கே நிறுத்த வேண்டியிருக்கிறது. மேலே ஒரு வாக்கியம் நேர்மையற்றது.]

"எனவே அவன் வாலை அறுத்தெடுத்து" என்று எழுதியிருக்கிறேன். அறுத்தவன் அவன்தான். ஆனால் நடந்தது இது:

"அக்கா, வால்ல தடம் மாதிரி இருக்கு. பால் பல்லு. ஏதோ சின்னப் புள்ள நல்லா அழுத்திக் கடிச்சிருக்கு. இதை மட்டும் விட்டுடலாமா?"

"பட்டியல்ல வால் தப்புன்னு இருக்கு. பல்லைப் பத்தி ஒண்ணும் இல்ல."

"இல்லக்கா, மிளகுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"பதிமூணு சரியா நிக்கும்போது இது ஒண்ணு மட்டும் தப்பா நிக்கணுமா? அறுடா."

அறுபத்தெட்டு வயதிலும் அக்கா சொன்னால் கேட்கிறவன். கதையில் அவனை இன்னும் கொஞ்சம் பிடிவாதக்காரனாக்கினால் என் பங்கு பாதியாகக் குறையும் என்று யோசித்தேன். ஒரு பத்தியும் எழுதினேன். அதில் இருந்தவன் என் தம்பி இல்லை. கிழித்துவிட்டேன்.

5

வெள்ளிக்கிழமை காலை, இந்தக் கதையிலேயே கேவலமான யோசனை பிறந்தது. என்னிடம்தான்.

"உன்கிட்ட அவ பல் அச்சு இருக்கே. புது வால்ல அழுத்திடு."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "நீயா பேசற?"

"நான்தான்."

"அது ஆறு வயசுல எடுத்த அச்சு. முன்பல்லு ரெண்டும் விழுந்தாச்சு."

"யாரு எண்ணப் போறா?"

"எக்ஸ்ரே எடுக்கறவக்கா அவ. எண்ணுவா."

மறுத்துவிட்டான் என்றே நினைத்தேன். அவனோ மெழுகை எடுத்தான். அந்த அச்சில் தாடையின் வளைவை அளந்தான். மூன்று வயதில் எவ்வளவு இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டான். பால் பற்களை ஒவ்வொன்றாகச் செதுக்கினான். மேலே இடப்பக்கம் இரண்டாவது பல் சற்றே உள்பக்கம் திரும்பியிருந்ததாம்; அவள் சிரிக்கும்போது பார்த்தது அவனுக்கு நினைவிருந்தது. அந்தத் திருகலையும் வைத்தான். பிறகு கெட்டியாக வார்த்தெடுத்தான். பதினான்கு பொம்மைகளில் அவன் செய்த அத்தனை வேலைகளிலும் மிகத் துல்லியமானது அந்தப் போலிதான்.

வாலில் பழைய பச்சைக்கு ஏற்ப நிறம் கலந்த புதுப் பசை பூசியாயிற்று. அழுத்த வேண்டிய இடத்தில் அவன் கை நின்றுவிட்டது.

"எவ்வளவு அழுத்தணும்னு தெரியலக்கா. புள்ளைக்கு எவ்வளவு வலிச்சுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் அங்க இல்லையே."

அதற்கு என் பட்டியலில் இடமில்லை. அவன் கைமேல் என் கையை வைத்தேன். இருவருமாக அழுத்தினோம்.

6

முடிவுகள்.

அ) மிளகு நம்பி, டப்பாவோடு போகிறாள். அன்றிலிருந்து போன் அடிக்கும்போதெல்லாம் நாங்கள் இருவரும் — வேண்டாம்.

ஆ) தம்பி உண்மையைச் சொல்லி அழ, அவள் அவனைக் கட்டிக்கொண்டு அழ, நான் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க... இவர்கள் யாரென்றே எனக்குத் தெரியவில்லை.

இ) அவள் கண்டுபிடித்துவிடுகிறாள், என்னைக் கிழிகிழியென்று கிழிக்கிறாள். இதை எழுதும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதனாலேயே நீக்கிவிட்டேன். நமக்கான தண்டனையை நாமே எழுதிக்கொள்வது சலுகை.

7

இனி நடந்ததை மட்டும், எழுத முடிகிற இடம்வரை.

ஞாயிறு பதினொரு மணிக்கு வந்தாள். பதினான்கையும் மேசைமேல் உயரவாரியாக நிறுத்தியிருந்தேன். பையைக்கூடக் கீழே வைக்காமல் பார்த்தாள்.

"அப்பா! எல்லாருக்கும் ஆபரேஷனா? ஐயோ, இவனுக்கு இறகெல்லாம் வந்திருக்கு! அத்தை, நீங்களும் இதுல கூட்டா?"

"கூட்டுதான்" என்றேன்.

பச்சையைக் கடைசியாக எடுத்தாள். "முன்னெல்லாம் விறைப்பா நிப்பான். இப்ப ஓட ஆரம்பிச்சுட்டான்." வாலைத் திருப்பினாள். தடத்தின்மேல் கட்டைவிரலை ஓட்டினாள். மறுபடியும், மெதுவாக, ஒவ்வொரு குழியாக. பிறகு நாக்கால் தன் மேல்வரிசைப் பற்களைத் துழாவினாள்; உதடு லேசாக உப்பி நகர்ந்ததில் தெரிந்தது.

தண்ணீர் எடுக்கப்போன தம்பி தம்ளரோடு கதவருகிலேயே நின்றான்.

அவள் அவனைக் கேட்கவில்லை. அவளுக்காக அப்பா எதை வேண்டுமானாலும் சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். என்னிடம் திரும்பினாள். இந்த வீட்டில் தப்பைத் தப்பென்று சொல்ல நான் ஒருத்தி இருக்கிறேன் என்று மூன்று வயதிலிருந்து நம்புகிறவள்.

"அத்தை, வால் மட்டும் பழசுதானே?"

நான் சொன்ன பதில் எனக்குத் தெரியும். மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் அது எனக்காக வாதாடத் தொடங்கியது. ஆகவே அடித்துவிட்டேன். இப்போது அவளுடைய அத்தை நீங்கள். கதவருகில் நிற்பவன் உங்கள் தம்பி. அவனும் உங்கள் வாயைத்தான் பார்க்கிறான். எந்தப் பதிலைச் சொன்னாலும் நான் திருத்த மாட்டேன்.

ஆனால் அதிக நேரம் எடுத்துக்கொள்ளாதீர்கள். தாமதித்தால் அதுவே பதிலாகிவிடும்.