குபேர பில்லர்

ஜியாவுல்லாவின் டிங்கரிங் ஷெட்டில் வண்டி எந்தப் பக்கம் பார்த்து நின்றாலும் அதன் மூக்குதான் கிழக்கு. இந்த ஒரு விதியை ஒத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம். கூரையைத் தாங்கும் பில்லர்கள் பெரிய வண்டிக்கு எட்டு. அண்ணாமலையைச் சுற்றி இருக்கிற லிங்கங்களும் எட்டு. டிரைவர் பக்கத்து முன்கண்ணாடி ஓரத்தில் தொடங்கி, கிரிவலம் போகிற மாதிரி வண்டியைச் சுற்றினால் இந்திரன், அக்னி, எமன், நிருதி என்று அந்தப் பக்கம் நாலு தூண். பின்னால் திரும்பி வருணன், வாயு, குபேரன், ஈசான்யம் என்று இந்தப் பக்கம் நாலு. சின்னக் காருக்கு ஆறு பில்லர்தான். அதில் நிருதிக்கும் வருணனுக்கும் லீவு.

பக்தியில் வந்த ஏற்பாடு இல்லை இது. இடது, வலது என்று சொல்லிப் பட்ட பாட்டில் வந்தது. வண்டிக்குள் உட்கார்ந்தவனுக்கு இடது என்பது, எதிரே சுத்தியலோடு நிற்பவனுக்கு வலது. இந்தக் குழப்பத்தில் ஒரு டாக்டர் வண்டியின் நல்ல கதவைக் கழற்றி, அதில் இல்லாத நசுங்கலை ஒருநாள் முழுக்கத் தேடிய பெருமை ஷெட்டுக்கு உண்டு. ஜியாவுல்லா இளவயதில் பௌர்ணமிக்கு ஷேர் ஆட்டோ ஓட்டியவர். அவருக்கு அந்த எட்டும் ஸ்டாப்பிங்கின் பெயர்கள். நீ எங்கே நின்று பார்த்தாலும் ஸ்டாப்பிங் இடம் மாறாது.

ஒரே ஒரு கட்டுப்பாடு: சொந்தக்காரர் காதில் எமன் விழக் கூடாது. ஒரு ரிட்டயர்டு தலைமையாசிரியரிடம் வெல்டர் குமரேசன், எமன் பக்கம் எல்லாம் ரெடி, நீங்க கிளம்பலாம் என்று சொல்லிவிட்டான். அவர் பக்கத்துக் கடையில் சோடா வாங்கிக் குடித்துவிட்டு, வண்டியை விட்டுவிட்டு பஸ்ஸில் போனார்.

ஆறு மாதமாக ஜியாவுல்லா தவம் கிடந்தது ஒரே ஒரு விஷயத்துக்காக. ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் அங்கீகாரப் பட்டியலில் ஷெட்டின் பெயர் ஏற வேண்டும். ஏறாவிட்டால், வாசலிலேயே மோதிக்கொண்ட வண்டிகூட லாரியில் ஏறி வேலூருக்குப் போகும். அப்படிப் போகிற வண்டிகளைச் சம்பந்தி வீட்டாரை வழியனுப்புகிற மாதிரி நின்று பார்த்து அவருக்கு அலுத்துவிட்டது.

கடைசியில் கம்பெனி ஆள் வந்தார். பெயர் உமாசங்கர். கழுத்தில் அடையாள அட்டை, சட்டைப் பையில் சிவப்புப் புள்ளி அடிக்கிற அளவுக் கருவி. பதவிப் பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடியாது, நடுவில் ஒரு டீ வேண்டும். ஊர் ஒன்றும் புதிதில்லை. அண்ணாமலையார் கோயில் குருக்கள் குடும்பத்துப் பிள்ளை. சென்னைக்குப் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆனதால், பிறந்த ஊருக்கே போனில் ஒரு பெண் குரல் வழி சொல்லித்தான் வந்து சேர்ந்தார்.

அங்கே நின்ற ஒரு வண்டியைக் காட்டி, எங்கே அடி என்று கேட்டார். வாயுவில் லேசாக நசுங்கல் என்றான் குமரேசன், வண்டியின் மூக்குதான் கிழக்கு என்ற விளக்கத்தோடு. பேனாவை மூடினார் உமாசங்கர்.

"பாய், இது ஒர்க்‌ஷாப்பா, கோயில் பிராகாரமா? சாமி பேரைச் சொல்லிச் சுத்தியால அடிக்கிறீங்க."

"பேரை யாரும் அடிக்கலை சார். தகரத்தைத்தான் அடிக்கிறோம்."

பிறகு முக்கால் மணி நேரம் வகுப்பு நடந்தது. உலகம் முழுக்க ஏ, பி, சி, டிதான். முன்கண்ணாடி ஓரம் ஏ, இரண்டு கதவுக்கும் நடுவில் பி, பின்கதவுக்கு அப்பால் சி, வால் பக்கம் டி. ஜெர்மனியிலும் அதுதான், ஜப்பானிலும் அதுதான், இந்த வேங்கிக்கால் ரோட்டுக்கு மட்டும் தனிச் சட்டம் கிடையாது. கேட்டவர்கள் ஜியாவுல்லா, குமரேசன், நசுங்கலில் பட்டி பூசித் தேய்க்கிற பச்சையம்மாள், நிழலுக்கு வந்த ஒரு நாய். கடைசிவரை அசையாமல் இருந்தது நாய் மட்டும்தான்.

சார் டீ குடிக்கப் போனதும் ஜியாவுல்லா மற்ற இருவரையும் கூப்பிட்டு உத்தரவு போட்டார். ரெண்டு நாளைக்கு யார் வாயிலிருந்தும் ஒரு லிங்கம் வரக் கூடாது, சார் சொல்வதற்கு மறுபேச்சும் கூடாது. அப்படியே வாயைக் கட்டிக்கொள்வதாகப் பச்சையம்மாள் ஒத்துக்கொண்டாள், வாயைத் திறந்தால் எப்படியும் பட்டித் தூள்தான் உள்ளே போகிறது என்று.

மறுநாள் காலை கீழ்பென்னாத்தூர் ரைஸ்மில்காரரின் ஏழு சீட் வண்டி வந்தது. வேர்க்கடலை மூட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று குபேரன் பக்கம் இடித்திருந்தது. ஜியாவுல்லாவும் பச்சையம்மாளும் நாலு கதவையும் கழற்றி ஓரம் வைத்தார்கள். கதவு போன பிறகு பில்லர்களைப் பார்த்தால் எல்லாம் நேராகத்தான் தெரிந்தன. உள்வாங்கினது அரை அங்குலம். கண்ணுக்குத் தெரியாது, கருவிக்குத்தான் தெரியும்.

உமாசங்கர் வண்டிக்கு எதிரே நின்று சிவப்புப் புள்ளி அடித்து அளந்தார். ஜாப் கார்டில் முத்து முத்தாக எழுதினார்: பி பில்லர், வலது, வெட்டி மாற்றவும். கேஸ் சிலிண்டர் வாங்கிக்கொண்டு அப்போதுதான் வந்த குமரேசன் கையில் அதைக் கொடுத்துவிட்டு, வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனில் மேலிடத்திடம் பேசினார். காட்டுத்தனமாக இருந்த ஓர் இடத்தை ஒரே நாளில் முறைப்படுத்திவிட்டதாக மேலிடத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வலது என்றால் டிரைவர் பக்கம். குமரேசன் கார்டைப் படித்தான், டிரைவர் பக்கம் போனான், நல்ல பில்லரில் சாக்பீஸால் கோடு கிழித்தான், கண்ணாடியை மாட்டிக்கொண்டு கட்டரைப் போட்டான்.

ஜியாவுல்லா அதைப் பார்த்த இடத்தில் அப்படியே நின்றார். சொன்னால் பட்டியல் போகும். சொல்லாவிட்டால் நல்ல தூண் போகும். வெட்டின தூணை எப்படி ஒட்டினாலும் அது ஒட்டின தூண்தான். அடுத்த தடவை டிராக்டர் இடித்தால் அது உள்ளே இருக்கிறவரைத் தாங்கப் போவதில்லை. முதலில் சாரின் பாஷையிலேயே முயன்று பார்த்தார். இடது பி, உன் இடது இல்லை, வண்டியோட இடது, அதாவது எதிர்ல நின்னா வலது என்று அவர் விளக்க விளக்க, குமரேசன் தலையை ஆட்டிவிட்டு அதே கோட்டில் கட்டரை வைக்கக் குனிந்தான்.

"டேய், அது அக்னிடா. குபேரன்ல வையி."

கட்டர் நின்றது. குமரேசன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எமனையும் நிருதியையும் தாண்டி, பின்னால் சுற்றி, வருணன், வாயு வழியாகக் குபேரனிடம் வந்து நின்றான்.

ஜியாவுல்லா மெதுவாகத் திரும்பி உமாசங்கரைப் பார்த்தார். போன் காதில் இருக்க, அவரும் திரும்பியிருந்தார். அவர் கண் குமரேசன் வந்து சேர்வதற்கு முன்பே அந்தத் தூணில் போய் நின்றிருந்தது. மூக்கு கிழக்கு என்று நேற்றே சொல்லியிருந்தார்கள். மிச்சம் பிறந்த வீட்டுப் படிப்பு. ஏ, பி, சி, டி எல்லாம் அதற்கு மேலே அடித்த பெயின்ட்.

போனை வைத்துவிட்டு ஜாப் கார்டை வாங்கிப் பார்த்தார். கருவியை எடுத்துக்கொண்டு, இந்திரனில் ஆரம்பித்து, ஒவ்வொரு தூணாக வண்டியை ஒரு சுற்று வந்தார். பட்டியல் போய்விட்டது என்று ஜியாவுல்லா மனதுக்குள் வேலூர் லாரிக்குக் கையசைத்தார்.

"கிரிவலம் முடிஞ்சிச்சா சார்? டீ ஆறிப் போவுது" என்றாள் பச்சையம்மாள்.

ரெண்டு நாளில் முதல் தடவையாக உமாசங்கர் சிரித்தார். அடையாள அட்டையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு டீயை வாங்கினார்.

"நான் எதிர்ல நின்னு எழுதிட்டேன் பாய்."

"நாங்களும் அப்படித்தான் சார் ஒரு டாக்டர் வண்டியைக் கெடுத்தோம். அப்புறம்தான் லிங்கத்துக்கு வந்தோம்."

உமாசங்கர் கார்டில் 'வலது' என்பதை அடித்துவிட்டுக் 'குபேரன்' என்று எழுதினார். அதையும் முத்து முத்தாகவே எழுதினார்.

ரெண்டு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. ஷெட் பட்டியலில் ஏறிவிட்டது. கீழே ஒரு குறிப்பு: இப்பணிமனையில் எண்திசை சார்ந்த தூண் அடையாள முறைமை நடைமுறையில் உள்ளது. எமது ஆலோசகரின் வழிகாட்டுதலில் இது உருவாக்கப்பட்டது.

ஜியாவுல்லா அதை ரெண்டு தடவை உரக்கப் படித்தார். பச்சையம்மாள் எமெரித் தாளைக் கீழே வைத்தாள்.

"அப்ப இத்தினி வருசமா நாம இன்னா பண்ணிக்கினு இருந்தோம்?"

"அவர் வந்து உருவாக்குவாருன்னு காத்துக்கினு இருந்தோம்."

கடிதத்தைக் கண்ணாடி போட்டு மாட்ட வேண்டும் என்று அவர் ஆணி தேடிக்கொண்டிருந்தபோது, பட்டியல் வழியாக வருகிற முதல் வண்டி வாசலில் நின்றது. சின்னக் கார். ஓட்டி வந்த பெரியவர் இறங்கி நின்றார். குமரேசன் வண்டியைச் சுற்றி வந்து, அவருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு சந்தோஷமாகக் குரல் கொடுத்தான்.

"பாய், ஜாஸ்தி வேலை இல்ல. எமன் ஒருத்தர்தான் முன்னால வந்துட்டாரு."

ஜியாவுல்லா ஆணியைப் பையில் போட்டுக்கொண்டு, பக்கத்துக் கடையைப் பார்த்து, சோடா ஒன்று என்று விரலைக் காட்டினார்.