மூன்றுக்கு மேல்

1

இந்தக் கதை ஒரு விரல் அகலக் கறுப்பு டேப்பிலிருந்து பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களே கண்டுபிடித்துவிட்டதாகப் பெருமை பேச வேண்டாம். என் தங்கை ஒரு ஹோட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் சனி, ஞாயிறு மாலைகளில் கிட்டார் வாசிக்கிறாள். ஒருநாள் அங்கே சாப்பிட வந்தவர் ஒருவருக்குப் போனில் பேசுவது சரியாகக் கேட்கவில்லையாம். மேலாளர் வந்து அவளுடைய ஆம்ப்ளிஃபயர் முன்னால் குனிந்தார். வால்யூம் குமிழைச் சுற்றியிருக்கும் எண்களில் மூன்றுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு டேப்பை ஒட்டினார்.

"இதத் தாண்டாதம்மா. தாண்டினா அடுத்த வாரத்துலேர்ந்து வர வேண்டாம்."

வீட்டுக்கு வந்து அவள் இதைச் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்குக் கோபம் வந்தால் பேனாவை எடுப்பேன். அவள் ஸ்குரூடிரைவரை எடுப்பாள். இருவரும் ஒரே மேஜையில்தான் உட்கார்ந்தோம்.

2

முதல் தொடக்கம்: "அந்தி மயங்கும் வேளையில் அவளுடைய கிட்டார் விம்மி விம்மி…"

(விம்மவெல்லாம் இல்லை. மூன்றில் வைத்தால் அந்த ஆம்ப் கீச்சிடத்தான் செய்யும். அடித்துவிட்டேன். அடித்தது தெரியட்டும் என்று அப்படியே விட்டிருக்கிறேன்.)

இரண்டாவது தொடக்கம்: "இறந்துபோன அப்பா விட்டுச்சென்ற அந்தப் பழைய ஆம்ப்ளிஃபயரை அவள் கண்ணீருடன்…"

இது எடிட்டரின் யோசனை. பத்திரிகைக்குக் கதை கேட்டவர் அவர்தான். "ஆம்ப்பு, வால்வுன்னா யாருக்குங்க புரியும்? அப்பா ஞாபகம்னு வெச்சுடுங்க, படிக்கிறவங்களுக்குக் கண்ணு கலங்கிடும்" என்று போனில் சொன்னார். சரி, எழுதித்தான் பார்ப்போமே என்று எழுதி, வாய்விட்டு வாசித்தும் பார்த்தேன். பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த எங்கள் அப்பா தலையை நீட்டினார்.

"யாரு செத்தது?"

"நீங்கதாம்பா. கதையில."

"எதுக்கு?"

"இவளுக்கு ஆம்ப்ப விட்டுட்டுப் போறதுக்கு."

"அந்தச் சனியனையா? உயிரோட இருந்தா வாங்கவே விட்டிருக்க மாட்டேன்னு எழுது."

அந்த ஆம்ப்பை அவளேதான் வாங்கினாள். வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த யாரோ ஒருவரிடம் பழசாக வாங்கி, மாடிப்படியில் தானே தூக்கிக்கொண்டு வந்தாள். அதில் யாருடைய ஞாபகமும் இல்லை, கொஞ்சம் தூசிதான் இருந்தது. எடிட்டர் மன்னிக்க வேண்டும், அப்பா இந்தக் கதை முடியும்வரை உயிரோடுதான் இருப்பார்.

3

இனி வால்வைப் பற்றி. புரியாதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம் என்று நான் சொல்லப் போவதில்லை. நாவல்களில் கப்பலின் பாய்மரக் கயிறுகளைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்தவர்கள்தானே நீங்கள்? ஒரு பெண் கையில் வைத்திருக்கும் கட்டைவிரல் உயரக் கண்ணாடிக் குழாயைப் பற்றி நாலு வரி படித்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

கிட்டார் கம்பியின் அதிர்வு மின்சாரமாக மாறும்போது மிகவும் சன்னமாக இருக்கும். அதைப் பெரிதாக்குவதுதான் வால்வின் வேலை. உள்ளே ஓர் இழை சூடாகி மினுங்கும்.* எல்லா வால்வும் ஒரே அளவுக்குப் பெரிதாக்குவதில்லை. அள்ளிப் போடுகிற வால்வு உண்டு, அளந்து போடுகிற வால்வும் உண்டு. இரண்டும் ஒரே குழியில்தான் பொருந்தும். பழசைப் பிடுங்கிவிட்டுப் புதுசைச் செருகினால் ஆம்ப்பின் குரலே மாறிவிடும்.

* "நீலச் சுடராய் எரிந்தது" என்றுதான் முதலில் எழுதியிருந்தேன். "ஆரஞ்சு, அக்கா. பக்கத்துலதான உக்காந்திருந்த, பாக்கலயா?" என்றாள் தங்கை. பார்த்தேன். நீலம் அழகாக இருந்தது, அதனால் எழுதிவிட்டேன்.

4

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, ஆம்ப்பை அதன்மேல் திருப்பி வைத்தாள். மின்சாரக் கம்பியைப் பிடுங்கிவிட்டு, வால்வு ஆறும்வரை நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு தகர மூடியைக் கழற்றி, பழைய வால்வைத் துணியால் பிடித்து மெல்ல அசைத்து அசைத்து மேலே இழுத்தாள். அது அள்ளிப் போடுகிற ரகம். தபாலில் அவள் வரவழைத்திருந்த புது வால்வுகள் இரண்டுமே அளந்து போடுகிற ரகம். முதலாவதைச் செருகி, ஆம்ப்பைப் போட்டு, சூடானதும் பென்சிலால் கண்ணாடியைத் தட்டினாள். ஸ்பீக்கரில் மணி அடித்த மாதிரி கேட்டது.

"இது ஆகாது. சும்மா தட்டினதுக்கே கத்துது, வாசிச்சா ஊளையிடும்."

இரண்டாவதைத் தட்டினால் 'டொக்' என்றதோடு சரி. குமிழை மூன்றில் வைத்து வாசித்தாள். கிட்டார் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பதுபோல் இருந்தது. என் கதை அதோடு படுத்துவிட்டது என்று நினைத்தேன்.

அவள் குமிழைத் திருப்பினாள். நான்கு. ஐந்து. ஆறில் நிறுத்தி ஒரே ஒரு கம்பியை மீட்டினாள்.

(இந்த இடத்தில் ஒரு பத்தி வர்ணனை இருந்தது. தேன் வந்தது, மழை வந்தது, நதிகூட வந்தது. எல்லாவற்றையும் தூக்கிவிட்டேன். அந்த ஒலிக்கு உடம்பு இருந்தது. அவள் விரலை லேசாக அழுத்தினால் லேசாகவும், ஓங்கி அடித்தால் சற்றே கரகரத்தும் வந்தது. எனக்கு அழுகை வந்தது. அவ்வளவுதான்.)

"அப்பா!" என்று கத்தினாள். "இப்ப வாசிச்சதா, காலைல வாசிச்சதா, எது சத்தம் அதிகம்?"

காலையில் வாசித்தது பழைய வால்வில், மூன்றில் வைத்து.

"ரெண்டும் ஒரே தொல்லைதான்" என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. கொஞ்சம் பொறுத்து, "இது பரவால்ல" என்றார்.

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "பாத்தியாக்கா? இந்த ஆம்ப்புல வால்யூம் கீழ இருந்தா கீச்சுதான் முன்னாடி வரும். மேல போனாத்தான் நல்லாருக்கும். சத்தம் அவர் கேட்ட அதே சத்தம்தான். நம்பர் மட்டும் ஆறு."

5

இங்கே எனக்கும் என் கதாபாத்திரத்துக்கும் சண்டை.

எனக்கு ஓர் அருமையான முடிவு தோன்றியிருந்தது. குமிழை ஒரு சின்ன ஸ்குரூதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதைத் தளர்த்தி, உள்ளே ஆறில் இருக்கும்போதே வெளியே மூன்றைக் காட்டுகிறபடி மாட்டிவிட்டால் போதும். மேலாளர் குனிந்து பார்ப்பார், மூன்று என்று தலையாட்டிவிட்டுப் போவார். வாசகர்கள் கைதட்டுவார்கள். எடிட்டர்கூட ஒப்புக்கொள்வார்.

"மாட்டேன்" என்றாள்.

"ஏண்டி?"

"நான் என்ன திருடினேனா, ஒளிச்சு வெக்கறதுக்கு?"

"வேலை போயிடும்டி."

"தெரியும். பயமாத்தான் இருக்கு. இத விட்டா எனக்கு வாசிக்கறதுக்கு வேற இடமே இல்ல." பென்சிலை எடுத்துக் காதில் செருகிக்கொண்டாள். "ஆனா இவ்ளோ நாள் கீச்சு கீச்சுன்னு வாசிச்சேன்ல, அதக் கேட்டவங்கல்லாம் என் கையே அப்படித்தான்னு நினைச்சிருப்பாங்க. இப்பதான் என் கை வெளிய வருது. அதுக்கும் ஒரு பொய்ய மாட்டச் சொல்றியா?"

நான் உருவாக்கிய பாத்திரமாக இருந்திருந்தால் ஸ்குரூவைத் தளர்த்தியிருப்பாள். கூடப் பிறந்தவள், அதனால் பேச்சைக் கேட்கவில்லை.

6

சனிக்கிழமை மாலை. கைகழுவும் இடத்துக்குப் பக்கத்து மேஜைதான் எனக்குக் கிடைத்தது. அவளோடு சேர்ந்து வாசிக்கும் பாடகரும் கீபோர்டுக்காரரும் ஒயர்களைச் சரிசெய்துகொண்டிருந்தபோது அவள் குனிந்து, நகத்தால் டேப்பின் ஓரத்தைக் கிளப்பி, ஒரே இழுப்பில் உரித்தாள். அதைத் தன் சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டாள். குமிழை ஆறுக்குக் கொண்டுபோனாள்.

யாரும் காதைப் பொத்தவில்லை. ஒருவர் போனில் பேசிக்கொண்டே சாப்பிட்டார், அவர் பேசியது மறுமுனையில் இருப்பவருக்குக் கேட்டிருக்கத்தான் வேண்டும். இரண்டாவது பாட்டின் நடுவில் அவள் தனியாக வாசிக்கிற பகுதி வந்தது. பரிமாறிக்கொண்டிருந்த பெண் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றுவிட்டாள். பாட்டு முடிந்தபோது சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு மேலாளர் வந்தார். நேராக ஆம்ப்பிடம் போய்க் குனிந்தார்.

"ஆறுல இருக்கு."

"ஆமா சார்."

"டேப் எங்க?"

அவள் கையை நீட்டிக் காட்டினாள்.

"மூணுன்னு சொன்னேனா இல்லையாம்மா?"

"சத்தத்தக் கூட்டல சார். வால்வ மாத்தியிருக்கேன். நீங்க இவ்ளோ நேரம் உள்ளதான இருந்தீங்க, சத்தமா இருந்துச்சா? கண்ண மூடிட்டு ஒரு பாட்டு கேளுங்க, அப்புறம் சொல்லுங்க."

7

எடிட்டர் இந்த இடத்தில் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டு அனுப்பியிருக்கிறார். "கோட்டுக்கு முன்னால் அவள் புன்னகையோடு குமிழை மூன்றுக்குத் திருப்பிவிடட்டும். எதிர்த்துப் பேசுவதைச் சற்று அடக்கவும். கோட்டுக்குக் கீழே எதுவும் வேண்டாம்."

நான் என் பங்குக்கு இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அவர் கண்ணை மூடிக் கேட்டு, தலையை ஆட்டிவிட்டு, "சரி, வாசி" என்கிறார். மற்றதில், "எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுதும்மா, ஆறுன்னு தெரியுது, கிளம்பு" என்கிறார். எது நடந்தது என்று எனக்குத் தெரியும், அங்கேதானே இருந்தேன். இரண்டையும் அவளிடம் படிக்கக் கொடுத்தேன். பேனாவை வாங்கி இரண்டையும் குறுக்கே அடித்தாள்.

"அவர் என்ன சொன்னாருன்னு தெரிஞ்சாத்தான் நான் பண்ணது சரியா தப்பான்னு சொல்லுவாங்களாக்கா?"

"கதைன்னா முடிவு வேணுமேடி."

"நான் டேப்ப உரிச்சேன்ல, அதான் முடிவு. அப்புறம் நடந்தது அவரோட கதை. வேணும்னா அவங்க அக்கா எழுதட்டும்."

பிறகு அந்தக் கறுப்பு டேப்பை எடுத்து வந்து, என் தாளில், எடிட்டரின் சிவப்புக் கோட்டுக்கு மேலேயே ஒட்டினாள். பசை போய்விட்டது, ஓரம் தூக்கிக்கொண்டுதான் நிற்கிறது. கீழே காட்டியிருப்பது அதுதான்.

▬▬▬▬▬▬▬▬▬▬▬▬

எடிட்டர் சார், கோட்டுக்குக் கீழே எழுதுகிறேன். அச்சிட முடியாது என்றால் திருப்பி அனுப்புங்கள், வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

மேலாளர் இன்னும் குனிந்தபடியே நிற்கிறார். அவர் கண்ணை மூடுவாரா மாட்டாரா என்பதை, படிக்கிறவர்களே, நீங்கள் பார்த்துச் செய்யுங்கள். அவள் அதற்காகக் காத்திருக்கவில்லை. குமிழ் ஆறில் இருக்கிறது, அடுத்த பாட்டைத் தொடங்கிவிட்டாள்.