இடது திரை

மச்சான் கேட்டது கேம் விளையாடும் கம்ப்யூட்டர் இல்லை, லாரி கேபின். நான் கம்ப்யூட்டர் கடையில் வேலை செய்கிறவன் என்பதால் என்னிடம் கேட்டார்.

"மூணு ஸ்கிரீன் வேணும் மாப்ள. முன்னாடி ஒண்ணு, ரெண்டு பக்கமும் ஒண்ணொண்ணு."

"அப்படின்னா கிராஃபிக்ஸ் கார்டு பெருசாப் போடணும் மச்சான். சின்னது மூணு ஸ்கிரீனை இழுக்காது, மூச்சு வாங்கும்."

"பெருசாவே போடு. பாரம் ஏத்துற வண்டிக்கு ஸ்கூட்டர் இன்ஜினா வைப்பாங்க?"

மச்சான், அதாவது என் அக்கா புருஷன், டிரெய்லர் ஓட்டியவர். இரும்புச் சுருள் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் இறங்குகிற ஆள். போன வருஷம் மூளையில் ரத்தம் அடைத்து விழுந்தார். நல்லவேளையாக வண்டி நின்றிருந்தது. கையும் காலும் திரும்பி வந்தன. இடது பக்கப் பார்வை வரவில்லை. கண்ணில் கோளாறு ஒன்றுமில்லை, மூளைதான் அந்தப் பக்கத்தை வாங்கிக்கொள்வதில்லை என்றார் டாக்டர். தெரியவில்லை என்பதே அவருக்குத் தெரியாமல் இருக்கும் என்று அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

மச்சான் அதையெல்லாம் ஒதுக்கித் தள்ளினார். பார்வை எப்போதோ வந்துவிட்டதாம், கொஞ்சம் பழக்கம்தான் விட்டுப்போயிருக்கிறதாம். கார் ரேஸ் கேம் ஓட்டிப் பழகினால் பழையபடி ஆகிவிடும் என்று எவனோ பேசிய வீடியோவைப் பிடித்துக்கொண்டார். லாரி யார்டு சூப்பர்வைசரும் அவருக்கு ஏற்றமாதிரியே பேசினார். வண்டிகள் ஓட்ட ஆளில்லாமல் வரிசையாக நிற்கின்றன, திங்கட்கிழமை வந்து சாவியை வாங்கிக்கோ, டாக்டர் சர்டிபிகேட்டை அப்புறம் பார்த்துக்கலாம்.

விழுந்தபோது லாரி கம்பெனி கொடுத்த பணத்தில் வைத்தியம் போக மிஞ்சியதெல்லாம் அட்டைப்பெட்டிகளாக வீட்டுக்கு வந்து இறங்கியது. அக்கா தடுக்கவில்லை. எங்கள் அப்பா கல்குவாரியில் இடுப்பொடிந்து வந்து உட்கார்ந்த வீட்டில் வளர்ந்தவர்கள் நாங்கள். வேலை போன ஆம்பளை நாள்முழுக்க வீட்டுக்குள் இருப்பது என்ன என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

முன்னறைக் கட்டிலைச் சுவரோரம் நிமிர்த்திவைத்தோம். மச்சானே இரும்புப் பைப்பை அளந்து வெட்டிக் கொடுத்தார். வெல்டர் ஒருவர் வந்து சட்டம் அடித்தார். உடைசல் கடையிலிருந்து ஒரு லாரி சீட் வந்தது. நான் தரையில் துணி விரித்து மதர்போர்டை வைத்து, ப்ராசஸரை உட்காரவைத்து, பேஸ்ட் தடவி, ஃபேனை முடுக்கினேன். கார்டைச் செருகியபோது மச்சான் குனிந்து பார்த்தார்.

"இந்தச் செங்கல்லுக்கா அவ்வளவு வெலை?"

"இதுலதான் உங்க ரோடு, மரம், மத்த வண்டி எல்லாம் இருக்கு."

"டிராபிக் போலீஸும் இருக்கானா?"

"இல்ல."

"அப்ப குடுத்த காசு தகும்."

அக்கா சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் அவள் சிரித்து நான் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

பக்கத்துத் திரைகள் இரண்டையும் அவர் தோளை அணைக்கிற மாதிரித் திருப்பி வைத்தேன். மூன்றிலும் படம் வந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பொம்மையாட்டம் இருக்கு" என்றார். பிரேக்கை மிதித்துவிட்டு முகம் சுளித்தார். "இது என்ன பிரேக்கா, வெண்ணெயா? காலு எங்கயோ போகுது." ஸ்பிரிங்கை இறுக்கிக் கொடுத்தேன்.

ஓட்டினார். முதல் வளைவில் தடுப்பில் உரசினார். இரண்டாவதிலும் உரசினார், அதே இடது பக்கம். "ரோடு குறுகல்" என்றார். அடுத்த வளைவு கொஞ்சம் கடுமையானது. நாற்பது டன்னை நிறுத்துகிறவர் போல எழும்பி பிரேக்கை மிதித்தார். சட்டம் முழுக்க ஆடியது. கீழே இடது திரையின் கரண்ட் பிளக் நழுவி விழுந்தது. சட்டத்தை இறுக்கிய நான் வயரை இறுக்கிக் கட்டவில்லை. திரை கறுத்துப்போனது.

மச்சான் ஓட்டிக்கொண்டிருந்தார்.

குனிந்து பிளக்கை எடுக்கப் போனேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். பாத்திரம் கழுவிவந்த ஈரக்கை. விடவில்லை.

"ஏங்க," என்றாள், "எல்லாம் நல்லாத் தெரியுதா?"

"பளிச்சுனு தெரியுது."

"லெஃப்ட்ல?"

"லெஃப்டும்தான்."

"அதுல என்ன தெரியுது?"

"ரோட்டோரத்துல என்ன தெரியும்? மரம், வேலி. ஓட்டும்போது பேச்சுக் குடுக்காதடி."

அவர் பொய் சொல்லவில்லை. அணைந்த திரையில் என் முகமும் அக்கா முகமும் மங்கலாகத் தெரிந்தன. ஒரு சுற்று முடிந்தது. இன்னொரு சுற்று. பத்தாவது இடத்திலிருந்து ஒன்பதுக்கு வந்துவிட்டதாக உற்சாகமாகக் கத்தினார்.

அக்கா என் கையை விட்டுவிட்டு, ஜன்னலில் கிடந்த அவருடைய ஃபோனை எடுத்தாள். சூப்பர்வைசர் நம்பரை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாள். மறைத்துச் செய்ய அவளுக்கு எதுவும் வராது.

"சொல்லுங்க டிரைவரே, திங்கட்கெழம ரெடிதான?"

"நான் அவர் வீட்டுக்காரி பேசறேன். அவருக்கு லெஃப்ட் சைடு தெரியல. வண்டி குடுத்துடாதீங்க."

மச்சான் ஸ்டியரிங்கை விட்டார். "ஏய்! என்னடி பேசற?"

"நல்லாயிட்டேன்னு சொன்னாரேம்மா," என்றது ஃபோன்.

"ஆகல. ரோட்டுல போறவங்க என்ன பாவம் பண்ணாங்க?"

அந்தப் பக்கம் பேப்பர் புரட்டும் சத்தம் கேட்டது. "சரிம்மா. வேற ஆளப் போட்டுக்கறேன்." வைத்துவிட்டார். இத்தனை வருஷம் ஓட்டிய வண்டி ஒரு மூச்சில் கைமாறிப் போனது.

மச்சான் கெட்ட வார்த்தையில் திட்டினார். அக்கா வாங்கிக்கொண்டு நின்றாள். அவர் ஓய்ந்ததும் கேட்டாள்: "அந்த ஸ்கிரீன் அணைஞ்சு எவ்வளவு நேரமாச்சு?"

"எந்த ஸ்கிரீன்?"

கழுத்தை முழுசாக இடது பக்கம் திருப்பி, வலது கண்ணோரத்துக்கு அதைக் கொண்டுவந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மாப்ள, இப்ப நீதான அணைச்ச?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அக்கா செய்ததை வீணாக்க மனசு வரவில்லை.

"இல்ல மச்சான். நீங்க பிரேக் போட்டப்பவே போயிடுச்சு."

"அப்ப ஒன்பதாவதா வந்தது?"

"அணைஞ்சப்புறம்தான்."

நடுத்திரையில் அவர் கார் ரோட்டில் குறுக்காக நின்றது. பின்னால் வந்த கார்கள் முட்டி முட்டி விலகிப் போயின. அக்கா சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் ஓடியதே தவிர, பாத்திரம் கழுவுகிற சத்தம் எதுவும் வரவில்லை.

"இத திருப்பி எடுத்துப்பாங்களா?"

"பெட்டியப் பிரிச்சாச்சு மச்சான். எடுக்க மாட்டாங்க."

"பாதி வெலைக்கு?"

"கேட்டுப் பாக்கறேன்."

"கேளு." சீட்டின் கைப்பிடியைத் தடவினார். "சீட்ட மட்டும் விடு. அது லாரியோடது."

அவர் எழுந்திருக்கவில்லை. அவரைச் சுற்றிக் குனிந்து குனிந்து நான் வயர்களைக் கழற்றத் தொடங்கினேன்.