வெறும் தண்ணீர்க் குப்பி

தண்ணீரில் ரசாயனம் ஊற்றியதும் நைட்ரேட் இருந்தால் மஞ்சள் ஏறும், இல்லையென்றால் தண்ணீர் தண்ணீராகவே நிற்கும். எம்.பில். புவியியல் படிக்க மதுரைக்கு வந்த பானுப்பிரியா ஆய்வகத்தில் முதலில் கற்றுக்கொண்டது இதைத்தான். ஆமத்தூர்க் கிணறுகளில் லேசான மஞ்சள். அவளுடைய சொந்த ஊர் எம். புதுப்பட்டியில், பட்டாசு ஆலைகளை ஒட்டிய கிணறுகளில் நல்ல மஞ்சள். நினைத்தது நினைத்தபடி வந்துகொண்டிருந்த சந்தோஷத்தில் கடைசிக் குப்பியையும் திறந்து ஊற்றினாள். அது எந்தக் கிணற்றுத் தண்ணீரும் இல்லை, காய்ச்சி வடித்த வெறும் தண்ணீர். அதுவும் மஞ்சளாகிவிட்டது.

வெறும் தண்ணீரை ஒரு குப்பியில் நிரப்பி, கிணறு கிணறாகக் கூடவே தூக்கிக்கொண்டு அலைந்து, திரும்பக் கொண்டுவந்து சோதிக்க வேண்டும் என்று ஆய்வு முறையியல் வகுப்பில் அவளுடைய நெறியாளர் ஸ்ரீமதி மேடம் சொல்லியிருந்தார். அதில் ஒன்றும் இருக்கக் கூடாது. இருந்தால் கோளாறு கிணற்றில் இல்லை, எடுத்த கையில். “நமக்குப் பிடிச்ச விடை வந்தா முதல்ல அதைச் சந்தேகப்படுங்க” என்பது மேடம் அடிக்கடி சொல்வது. கூடப் படித்த யாரும் அந்த வெறும் பாரத்தைச் சுமக்கவில்லை. இவள்தான் வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள்.

குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், வெள்ளைத்தாளில் வைத்துப் பார்த்தாள். மஞ்சள் மஞ்சள்தான். கிணற்றுத் தண்ணீர் பிடிக்கும் முன் அதே தண்ணீரால் குப்பியை மூன்று முறை அலம்ப வேண்டும். அலம்பினாளா? அலம்பினாள். எல்லாக் கிணற்றிலுமா? தோட்டத்துக்காரர் ஒருவர் நாயை ஏவிவிட்ட இடத்தில் அலம்பினாளா? நினைவில்லை. ஒரு கிணற்றில் நினைவில்லை என்றால் எல்லாக் கிணறும் சந்தேகம்தான்.

திரும்ப எடுத்துவிடலாம் என்றால், ஐப்பசி மழை இறங்கிவிட்டது. கிணறுகளில் புதுத் தண்ணீர். இனி அடுத்த கோடைதான். அவளோ இந்த மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். கொடுத்தால் விருதுநகரில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலை காத்திருக்கிறது. அந்த வேலையை அவளைவிட அதிகமாக எதிர்பார்த்திருப்பவள் அவளுடைய அம்மா ராமுத்தாய். பட்டாசு ஆலையில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிறவள். “நீ காலேசுல கால வச்ச மறுநாளு நான் ஆபீசுக்கு முழுக்குப் போட்டுருவேன்” என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள்; ஆபீஸ் என்பது அவளுக்கு அந்த ஆலைதான். அச்சங்குளத்தில் ஆலை வெடித்தது என்று யாராவது சொன்னால், அது வேறு ஊர் என்று தெரிந்தும் பானு ஊருக்குப் போன் போட்டு விசாரிப்பாள். வேலை ஒரு வருஷம் தள்ளிப்போனால் அம்மாவுக்கு இன்னொரு தீபாவளி சீசன். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, அது இதுதான்.

இத்தனைக்கும் அந்த வெறும் குப்பியைப் பற்றி மேடம் இன்னும் கேட்கவில்லை. மற்றவர்கள் யாரும் எடுக்காததால் இவளும் எடுத்திருக்க மாட்டாள் என்றே நினைத்திருக்கலாம். கழுவு தொட்டியில் கவிழ்த்தால் ஒரு நொடி வேலை. கவிழ்க்கவும் மனம் வரவில்லை, வைத்துக்கொள்ளவும் மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் பஸ் ஏறினாள். மஞ்சள் எங்கிருந்து வந்தது என்பதையாவது தெரிந்துகொள்ள வேண்டும்.

ராமுத்தாய் தலைக்குக் குளித்துவிட்டு முற்றத்தில் முடி உலர்த்திக்கொண்டிருந்தாள். பையைக்கூட இறக்காமல் பானு கேட்டாள்.

“தண்ணி பிடிக்கப் போறதுக்கு முந்துன நாளு நான் கொண்டாந்த காலிக் குப்பிகள நீ தொட்டியாம்மா?”

“தொடாம? வேலவிட்டு வந்த சூட்டோட அம்புட்டையும் கழுவி வச்சேன். நீ அசந்து தூங்கிட்ட. ஈரம் போவல, அதான் முந்தானையக் குச்சில சுத்தி உள்ளுக்குள்ள நல்லாத் தொடச்சேன். ஏன், ஒடஞ்சிருச்சா?”

வேலைச் சேலை. நாளெல்லாம் வெடியுப்பிலும் அலுமினியத் தூளிலும் புரண்ட முந்தானை. வெடியுப்பு என்றால் நைட்ரேட்தான்.

“ஒன்னைய யாரும்மா கழுவச் சொன்னது? லேப்ல ஆசிட் ஊத்திக் கழுவுன குப்பிம்மா அது! எல்லாம் போச்சு!”

கத்திய பிறகுதான் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அடி வாங்கியதுபோல் இருந்தது.

“எனக்கு என்னத்தா தெரியும். அழுக்குக் குப்பியக் குடுத்துவிட்டா வாத்தியாரம்மா நம்மள என்ன நெனப்பாக?”

பானுவுக்கு அழுகை வந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாததால் வந்த அழுகை. ஆனால் படித்த படிப்பு சும்மா இருக்க விடவில்லை. முந்தானையா, கையா? ஊகிக்கக் கூடாது, பார்க்க வேண்டும். பையிலிருந்து வெறும் தண்ணீரையும் ஒரு சுத்தமான கண்ணாடிக் கிண்ணத்தையும் எடுத்தாள்.

“கையக் காட்டும்மா.”

“இப்பத்தான சீயக்காயும் சோப்பும் போட்டுத் தேச்சேன்.”

“பரவால்ல, காட்டு.”

ராமுத்தாய் கிண்ணத்துக்கு மேல் இரண்டு கைகளையும் ஏந்தினாள். ரேகைகளில் மட்டும் சாம்பல் நிறம் ஊறிக் கிடந்தது. பானு மெல்ல ஊற்றினாள். விரலிடுக்கிலும் நகக்கண்ணிலும் ஓடிச் சொட்டிய தண்ணீரைக் குப்பியில் பிடித்து மூடினாள். முந்தானையின் ஒரு நுனியை இன்னொரு குப்பியில் நனைத்தெடுத்தாள். அதற்குள் அம்மாவுக்குச் சிரிப்பு திரும்பியிருந்தது.

“கெணத்தப் படிச்சு முடிச்சு இப்ப என் கையப் படிக்கப் போறீகளாக்கும். பாசா பெயிலான்னு சொல்லணும், ஆமா.”

மறுநாள் மாலை ஆய்வகத்தில் முந்தானைக் குப்பி மஞ்சளானது. அதை அவள் எதிர்பார்த்திருந்தாள். சீயக்காய் போட்டுத் தேய்த்த கை கழுவிய தண்ணீர் அதைவிடக் கூடுதலாக ஏறியது. எம். புதுப்பட்டிக் கிணறுகளை வரிசையாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒரு கிணறுகூட அதன் கிட்டே வரவில்லை.

இந்த மஞ்சளை யாரிடம் காட்டுவது? காட்டினால் ஆய்வேடு நிற்கும், அம்மா இன்னொரு வருஷம் அதே மருந்துக்குள் கைவிடுவாள். மறைத்தால் இந்த மாதமே அம்மாவை அங்கிருந்து இழுத்துவந்துவிடலாம், ஊர்க் கிணறுகளைப் பற்றி ஒரு பொய்யைச் சொல்லி. உட்கார முடியவில்லை. ஜன்னலுக்கும் மேசைக்கும் நடந்தாள்.

“பானு, ரிசல்ட் டேபிள் ரெடின்னா எடுத்துட்டு வாம்மா, கையெழுத்துப் போட்டுடறேன்” என்று பக்கத்து அறையிலிருந்து மேடம் கூப்பிட்டார்.

கைப்பேசி அடித்தது. ஊர் டீக்கடையின் காசு போன். வேலை விட்டு வரும் வழியில் அம்மா.

“என்ன பானு, பாசா பெயிலா?”

“அம்மா... சாப்பிடறதுக்கு முன்னாடி கை கழுவுவேல்ல?”

“இதென்ன கேள்வி? ஆபீசு வாசல்லயே கழுவிட்டுத்தான் எல்லாரும் கெளம்புவோம். நீ விசயத்தச் சொல்லு. காசு முடியப்போவுது.”

பானு மேசையில் இருந்த கை கழுவிய தண்ணீர்க் குப்பியைப் பார்த்தாள். மறுமுனையில் அம்மா காத்திருந்தாள். கடை இரைச்சலுக்கு நடுவே, அவள் சூடாக எதையோ ஊதி ஊதிப் பிய்த்து வாயில் போட்டு மெல்லுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.