காய்ச்சல் பார்த்த நேரம்

குடலில் ஒரு சாண் வெட்டி எடுத்துவிட்டு, வயிற்றை மேலிருந்து கீழாகத் தைத்து, எட்டாம் நாள் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று டாக்டர் கேட்டார். முப்பத்தொரு வருடம் அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்த்தவள், என்னை நானே பார்த்துக்கொள்வேன் என்றேன். கெத்தாகத்தான் சொன்னேன். வேறு நோயாளியாக இருந்தால் கட்டு மாற்ற ஓர் ஆளை வீட்டுக்கே அனுப்பியிருப்பார்கள். அதுவும் வேண்டாம் என்று நானே எழுதிக் கொடுத்தேன்.

மகள் ரயில் ஓட்டும் பயிற்சியில் இருந்தாள். ஓர் இரவு முழுக்கப் பயணம் செய்து வரவேண்டிய ஊர். பயிற்சி முடிய இன்னும் மூன்று வாரம். இரண்டு நாளுக்கு மேல் போகாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள், அப்புறம் அடுத்த வருடம்தான். அந்த இரண்டு நாளையும் அவள் என் ஆபரேஷனுக்கு வந்து, கட்டிலோரத்தில் உட்கார்ந்தே தீர்த்துவிட்டாள். கிளம்பும்போது ஒரு நிபந்தனை போட்டாள். காய்ச்சல் நூறைத் தாண்டினால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்துவிடுவாளாம். தினமும் சாயங்காலம் சார்ட்டைப் படம் பிடித்து அனுப்ப வேண்டுமாம். சரி தாயே என்றேன். அவளுக்கு நாலு வயதாகும்போது அவள் அப்பா போய்விட்டார். அன்றிலிருந்து எனக்கு அவள், அவளுக்கு நான்.

தனியாக இருப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. எல்லாச் சாமானையும் இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். கெட்டிலில் பாதிக்கு மேல் தண்ணீர் கூடாது. படுக்கையிலிருந்து எழ முதலில் பக்கவாட்டில் புரண்டு, காலைத் தொங்கவிட்டு, கையை ஊன்றி, மனதுக்குள் யாரையாவது திட்டிக்கொண்டே எழவேண்டும். இருமல் வந்தால் தலையணையை வயிற்றில் அழுத்திப் பிடிக்கவேண்டும். கீழே விழுந்தது விழுந்ததுதான். வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாள் வாக்கில் தரையில் ஒரு கரண்டி, ஒரு துண்டு, இரண்டு செய்தித்தாள், ஒரு சீப்பு எல்லாம் குடியேறிவிட்டன. மாடிப்படிக்குக் கீழே இருக்கும் தையல்காரர் தினமும் காலையில் பாலும் ரொட்டியும் வாங்கிக் கதவில் மாட்டிவிட்டுப் போவார். உள்ளே வரட்டுமா என்று இரண்டு தடவை கேட்டார். வேண்டாம் என்றேன். தரையில் கிடந்த சீப்பை அவர் பார்த்துவிடக் கூடாதே என்றுதான்.

சார்ட்டை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்தேன். ஸ்கேலால் கோடு போட்டு, மாத்திரை, நேரம், டெம்பரேச்சர், நேரம் என்று நாலு கட்டம். என் வார்டுப் பெண்கள் முதுகுக்குப் பின்னால் என்னைப் ‘பிரம்பு’ என்று சொல்வார்கள். தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பேன், உள்ளுக்குள் அந்தப் பெயர் பிடித்திருந்தது. பார்க்காமலே டெம்பரேச்சரை எழுதி வைத்த ஒரு சின்னப் பெண்ணை நாலு பேர் முன்னால் அழவைத்திருக்கிறேன். பொய்யாக ஒரு எண்ணை எழுத எனக்குக் கை வராது. இன்றைக்கும் வராது.

ஆறாம் நாள் தையலின் கீழ்முனையில் சட்டைப் பொத்தான் அளவுக்குச் சிவந்திருந்தது. பிளாஸ்திரி ஒத்துக்கொள்ளவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் அது உள்ளங்கை அளவானது. சாயங்காலம் ஐந்து மணிவாக்கில் உடம்பு தூக்கிப் போட்டது. ஃபேனை நிறுத்தினேன். மாத்திரை போட்ட அரைமணி நேரத்தில் நடுக்கம் நின்று, நன்றாக வியர்த்தது. ஏழு மணிக்கு எழுந்துபோய்த் தெர்மாமீட்டர் வைத்தால் தொண்ணூற்றெட்டு புள்ளி எட்டு. எழுதினேன். படம் பிடித்து அனுப்பினேன். சூப்பர்மா என்று பதில் வந்தது.

பிளாஸ்திரி என்கிற இதே சப்பைக்கட்டை ஒரு நோயாளி என்னிடம் சொல்லியிருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பாள்.

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அவளுக்கு விடுமுறை. ஆறு மணி ஆகக் கால் மணி இருக்கும்போது வீடியோவில் கூப்பிட்டாள். ஒரு கையில் மாத்திரை, பக்கத்தில் தண்ணீர், கழுத்துவரை போர்வையுடன் உட்கார்ந்திருந்தேன். ஏன் போர்வை என்று கேட்டாள். குளிர்கிறது என்றேன். அவள் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். இங்கேயும் வெயில் காலம்தான், அது அவளுக்குத் தெரியும்.

எட்டு நாள் படத்தையும் வரிசையாக வைத்துப் பார்த்தாளாம்.

“மாத்திரை ஆறு மணி, டெம்பரேச்சர் ஏழு மணி. மாத்திரை பன்னெண்டு, டெம்பரேச்சர் ஒண்ணு. ஒரு நாள்கூட மாறலையேம்மா.”

வலி அடங்கினால்தானே எழுந்து ஃபிரிட்ஜ் வரைக்கும் நடக்க முடியும் என்று ஆரம்பித்தேன். என்னை முடிக்க விடவில்லை.

“சின்ன வயசுல எனக்குக் காய்ச்சல்னா நீ மாத்திரையக் கண்ணுலயே காட்ட மாட்ட. மொதல்ல தெர்மாமீட்டர்தான். அழுதாலும் குடுக்க மாட்ட. மாத்திரை போட்டுட்டுப் பாத்தா காய்ச்சல் ஒளிஞ்சுக்கும்னு நீதானே சொன்ன? அத கீழ வை. இப்பப் பாரு.”

மாத்திரையைக் கீழே வைத்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு போய்த் தெர்மாமீட்டரை எடுத்து நாக்குக்கு அடியில் வைத்தேன். அது கூவியதும் எடுத்துப் பார்த்தேன். அவள் பக்கம் திருப்பாமல் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தேன். எவ்வளவு என்று கேட்டாள். நூற்று இரண்டு புள்ளி ஆறு என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

“தெரியாம செஞ்சியா?”

அவள் பயிற்சி கெட்டுப் போகக் கூடாதே, ஒரு வருடம் வீணாகக் கூடாதே, இன்னும் பன்னிரண்டு நாள்தானே பாக்கி என்றெல்லாம் சொன்னேன். ஒன்பது நாளாக அதைத்தான் எனக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன், அதனால் தடுமாறாமல் வந்தது.

“என் மேல போடாதம்மா,” என்றாள். கத்தவில்லை, அழவும் இல்லை. “உனக்கு ஏதாவது ஆயிருந்தா, எனக்காகத்தான்னு நான் காலம் பூரா நெனச்சுக்கிட்டிருக்கணுமா?”

நாற்காலியில் உட்கார்ந்தேன். என் பிள்ளையின் தலையில் எதைக் கட்டப் பார்த்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. பிறகு உள்ளதைச் சொன்னேன். எங்கள் வார்டில் நர்ஸ் மேஜைக்கு எதிரே ஒரு கட்டில் உண்டு. வீட்டுக்குப் போய், சீழ் பிடித்துத் திரும்பி வருகிறவர்களை அதில்தான் போடுவோம். எங்கள் கண் பார்வையிலேயே இருக்கவேண்டும் என்பதற்காக. அதில் படுத்தவர்களில் வீட்டுக்குப் போனவர்கள் நிறையப் பேர். போகாதவர்களும் உண்டு. அவர்களின் முகம் ஒவ்வொன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. கையைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் ஆகாது, தைரியமாக இருங்கள் என்று அவர்களிடம் சொன்னது நான்தான்.

“பயமா இருக்குடி,” என்றேன். “தையல் சிவந்ததப் பாத்த அன்னைக்கே தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்துக்கிட்டுதான் இருந்தேன்.”

அவள் பிறந்து இருபத்தாறு வருடத்தில் நான் அவளிடம் இந்த வார்த்தையைச் சொன்னதில்லை. அவள் அப்பா போன அன்றுகூடச் சொல்லவில்லை.

ஆம்புலன்ஸுக்கு அவளே சொல்லிவிடுவதாகவும், தையல்காரரை மேலே வரச்சொல்லிப் போன் செய்வதாகவும், நான் கதவை மட்டும் திறந்து வைத்தால் போதும் என்றும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். என்னைவிட நிதானமாக இருந்தாள். கடைசியில் கேட்டாள்.

“நான் வரணுமாம்மா?”

அதற்கு ஓர் அம்மா சொல்லவேண்டிய பதில் எனக்கு நன்றாகத் தெரியும். நீ படிப்பைப் பாரு, அங்கே எல்லாரும் எனக்குத் தெரிந்தவர்கள்தான், பார்த்துக்கொள்வார்கள். வாய்வரை வந்துவிட்டது.

“வா,” என்றேன். “ஒரு வருஷம் போயிடும். தெரிஞ்சுதான் கூப்புடறேன். வா கண்ணு.”