வாயால் சொன்னது

எண்பத்து நான்காம் வருஷம் துவாக்குடிப் பக்கம் இருந்த அந்த இரும்புத் தொழிற்சாலைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. வந்த கையோடு மேலிடத்துக்கு ஓர் ஆசையும் வந்தது. மாதா மாதம் தொழிற்சாலை முழுவதையும் ஒரே அறிக்கையில் பார்த்துவிட வேண்டுமாம். அதில் என்னென்ன விவரம் வரவேண்டும் என்று ஒவ்வொரு பகுதியாகப் போய்க் கேட்டு எழுதிவரும் வேலை லூர்துராணிக்கு. பாலக்கரையில் ஏழேகால் பஸ்ஸைப் பிடித்து வருவாள். வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான்.

ஆபீசர்கள் சளைக்கவில்லை. அழுத பிள்ளைதானே பால் குடிக்கும்? ஸ்டோர்ஸ்காரர் ஆறு விவரம் கேட்டார். கொள்முதல்காரர் ஒன்பது கேட்டார். எதற்கு என்றால், "இருக்கட்டுமே, பார்க்கலாம்" என்றார்கள்.

ஷெட்டில் வேலை செய்கிறவர்களையும் கேள் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அவளாகத்தான் மூன்றாம் ஷெட்டுக்குப் போனாள். கிரேனில் பாரம் கட்டும் அடைக்கலராஜ், அவள் சேலையில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிவிடக் கூடாது என்று ஸ்டூல் மேல் சாக்கு விரித்தான். ஃபோர்மேன் சவரிராயன் எதிரே நின்றார்.

"உங்களுக்கு என்னென்ன தெரியணும்ணே?" என்று அவரிடம் கேட்டு நோட்டைத் திறந்தாள்.

"எங்களுக்கு எல்லாம் தெரியும்மா. அவங்களுக்குத்தான் தெரியணும். கிரேன் பிரேக் பிடிக்க மாட்டேங்குது. தூக்கின பாரம் தானா ஒரு முழம் இறங்கிடுது. இந்த மாசம் மட்டும் பதினோரு தடவை சொல்லியாச்சு."

"புகார்ச் சீட்டு எழுதிக் குடுத்தீங்களா?"

"சீட்டு எழுதினா மெஷினை நிறுத்தணும்னு ரூல் இருக்கு. நிறுத்தினா உற்பத்தி குறைஞ்சிடும். அதனால வாயால சொன்னாப் போதும்னு மேனேஜர் சொல்லிட்டாரு. வாயால சொன்னது கிணத்துல போட்ட கல்லாக் கிடக்கு. எந்த மெஷினைப் பத்தி எத்தனை தடவை சொன்னோம்னு உங்க அறிக்கையில ஒரு இடம் ஒதுக்குங்க. மேல இருக்கறவங்க கண்ணுல படட்டும்."

அடைக்கலராஜ் சிரித்தான். "அது என் தலைக்கு மேலதான் தொங்குது மேடம். கொஞ்சம் பெரிசாவே எழுதுங்க."

தேதி போட்டு, இரண்டு பேர் பெயரும் போட்டு, அப்படியே எழுதிக்கொண்டாள்.

மறுநாள் மேனேஜர் அழகர்சாமி நோட்டைப் புரட்டினார். பிரிண்டர் ஒரு வரியில் நூற்று முப்பத்திரண்டு எழுத்துக்கு மேல் அடிக்காது. எதையாவது கழித்தாக வேண்டும்.

"இந்தப் புகார்க் கணக்கைக் கேட்டது யாரு?"

"மூணாம் ஷெட் ஃபோர்மேன் சார்."

"ஃபோர்மேன் என்ன, ரிப்போர்ட் படிக்கிற ஆளா? அதை அடிச்சிடுங்க. டீ குடிக்கப் போயிட்டு லேட்டா வர்றவங்க எத்தனை பேருன்னு அந்த இடத்துல போடுங்க."

பேனா அவள் கையில்தான் இருந்தது. முடியாது என்று சொல்லியிருக்கலாம். சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்தாள். "அடுத்த தடவை பார்க்கலாம்ணே" என்று சவரிராயனிடம் சொன்னபோது அவர் தலையாட்டினார்; அதற்குத் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

அதிலிருந்து நாலாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், தூக்கிய பாரம் நிற்காமல் இறங்கியது. அடைக்கலராஜ் அங்கேயே செத்துப்போனான்.

அந்த மாத அறிக்கை பிரிண்டரிலிருந்து வந்ததும் லூர்துராணி முதலில் தேடியது மூன்றாம் ஷெட்டைத்தான். முதல் ஷெட்டில் ஒருவனுக்குக் கட்டைவிரல் நசுங்கியதில் 'விபத்தால் இழந்த வேலை நாட்கள்' என்ற கட்டத்தில் பன்னிரண்டு. மூன்றாம் ஷெட்டுக்கு நேரே பூஜ்யம். செத்த அன்றே அடைக்கலராஜின் பெயரை வேலையாட்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். பெயர் இல்லாதவன் எப்படி வேலைக்கு வராமல் இருக்க முடியும்? ஆபீசர்கள் கேட்டபடி அவள் எழுதிக் கொடுத்த கணக்கு, கேட்டபடியே வந்திருந்தது.

மெட்ராஸிலிருந்து விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். கிரேனைப் பற்றிப் புகாரே வந்ததில்லை என்று அழகர்சாமி முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். சீட்டு ஒன்றுகூட இல்லை. ஆகவே செத்தவனின் கவனக்குறைவு என்று எழுத இருக்கிறார்களாம். குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்த கதை.

சவரிராயன் கம்ப்யூட்டர் ரூம் வாசலில் வந்து நின்றார். "அம்மா, அன்னிக்கு எழுதினீங்களே, அந்த நோட்டு இருக்கா? அவன் பொண்டாட்டி செல்வமேரி கேக்குது, எம் புருஷன் மேலயா தப்புன்னு. நான் என்ன சொல்றது?"

பழைய நோட்டையெல்லாம் கிழித்துப் போடச் சொல்லி அழகர்சாமி முதல் நாளே சொல்லியிருந்தார். அவள் கிழிக்கவில்லை. கொடுத்தால் வேலை போகும் என்று அவளுக்குத் தெரியும். நோட்டை எடுத்துக்கொண்டு நேரே விசாரணை அறைக்குப் போனாள்.

அதிகாரி நிதானமாகப் படித்தார். "தேதி இருக்கு, பேர் இருக்கு. புகார் வந்திருக்கு, வாஸ்தவம்தான். இந்தச் சிவப்புக் கோடு யார் போட்டது?"

"நான்தான் சார்."

"யார் சொல்லி?"

"மேனேஜர் சொல்லி."

அழகர்சாமி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் அப்படி ஒண்ணும் சொல்லலையே."

"அவர் சொன்னதுக்கு எழுத்துல ஏதாவது இருக்காம்மா?"

"இல்லைங்க சார். வாயால சொன்னாரு."

வெளியே சவரிராயன் காத்திருந்தார். "என்னம்மா கேட்டாங்க?"

"எழுத்துல இருக்கான்னு கேட்டாங்கண்ணே."



பத்து நாள் கழித்து வந்த விசாரணை அறிக்கையில் அடைக்கலராஜின் கவனக்குறைவு என்ற வரி இல்லை. அந்த இடத்தில் லூர்துராணியின் பெயர் இருந்தது: புகாரை மேலிடத்துக்குத் தெரிவிக்காமல் கோடு போட்டு அடித்தவர். பிரேக்கைப் பற்றி ஒரு வரியும் இல்லை. சஸ்பெண்ட் உத்தரவை வாங்கிக்கொண்டு அவள் கேட்டைத் தாண்டியபோது, மூன்றாம் ஷெட்டில் அந்தக் கிரேன் ஓடிக்கொண்டிருந்தது.